புகழ்பெற்ற கட்டடங்களை ஆராய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடக்கலை மாணவர்கள் ஒரு வடிவமைப்பைத் தொடங்கும் முன், அதே வகையைச் சேர்ந்த சிறந்த கட்டடம் ஒன்றை ஆராய்ந்து வருமாறு பணிக்கப்படுகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் தாள்களில் கட்டட வல்லுநரின் வாழ்க்கைக் குறிப்பு, பெற்ற விருதுகள், இணையத்தில் எடுத்த ஒளிப்படங்கள் எல்லாம் இருக்கும். அந்தக் கட்டடம் ஏன் அப்படி அமைந்தது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் தோற்றுவித்த நெருக்கடியை விட்டுவிடுவதே முதன்மையான தவறு. மும்பையில் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983இல் நிறைவுற்ற காஞ்சன்ஜங்கா அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைகளில் வெட்டி எடுத்தாற்போல் அமைந்த, இரண்டு தள உயரம் கொண்ட திறந்த மாடத் தோட்டங்கள் எண்ணற்ற மாணவர் திட்டங்களில் மறுபிறவி எடுத்துள்ளன. மும்பையில் கடற்காற்றும் அரபிக்கடல் காட்சியும் மேற்கே கிடைக்கின்றன. ஆனால் பிற்பகல் வெயிலும் தென்மேற்குப் பருவமழையும் அதே திசையிலிருந்துதான் தாக்குகின்றன. பழைய பங்களாக்கள் அறைகளைச் சுற்றித் தாழ்வாரம் அமைத்து இந்த முரண்பாட்டைச் சமாளித்தன; கொரியா அந்தத் தாழ்வாரத்தையே ஆழமான தோட்டமாக்கி, உயர்ந்த கோபுரத்துக்குள் ஏற்றினார். சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது; காற்று ஒரு பக்கமும் பிற்பகல் வெயில் மறுபக்கமும் வருகின்றன; பெருமழையோ வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மும்பையின் விடையை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பவர், இந்த ஊரில் எழாத ஒரு கேள்விக்கு விடையளிக்கிறார்.

அதே கட்டடம் இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கிறது. அதன் 32 வீடுகளும் மட்டமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டவை அல்ல. தளமட்டங்கள் மாறி, ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பவை. தரைப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினாற்போல் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தைத் தம் கையால், அளவுக்கேற்ப ஒருமுறை வரைந்து பார்த்தால்தான் புரியும். அச்சிட்டு ஒட்டுவது ஆராய்ச்சியாகாது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கட்டுமான முறையைப் புறக்கணிப்பதும் பரவலான பிழை. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் லூயி கான் அமைத்த தட்டையான செங்கல் வளைவுகள் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன; வளைவின் இரு முனைகளையும் இணைக்கும் கான்கிரீட் உத்தரம் அந்த விசையை இழுத்துப் பிடிக்கிறது. கான்கிரீட் சட்டகத்தின்மேல் செங்கல் ஓடு ஒட்டி அதே வளைவை வரைபவரின் கட்டடத்தில், சுமையைச் சட்டகமே தாங்கிவிடுவதால், அந்த உத்தரத்துக்கு வேலையே இல்லை.

படமெடுத்த நாளோடு கட்டடத்தின் கதை முடிந்துவிடுவதுமில்லை. பாரிஸ் அருகே 1931இல் நிறைவுற்ற வில்லா சவாய் என்ற வீட்டின் கூரை ஒழுகியது. உரிமையாளர், அதை வடிவமைத்த லெ கொர்புசியேவுக்கே புகார்க் கடிதங்கள் எழுதினார். அமெரிக்காவில் ஃபிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர் இல்லத்தில், அருவிக்குமேல் நீண்டு நிற்கும் மாடங்கள் தொய்ந்ததால், 2002இல் எஃகு வடங்களை இழுத்துக் கட்டி அவற்றைப் பலப்படுத்த நேர்ந்தது. இவை அக்கட்டடங்களின் பெருமையைக் குறைப்பதில்லை. ஆயினும் இவற்றை மறைக்கும் ஆய்வு பாதி ஆய்வுதான். வடிவமைத்தவர் தம் கட்டடத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு தரப்பு வாக்குமூலமாகவே கொள்ள வேண்டும். அங்கே குடியிருப்பவரும் பராமரிப்பவரும் சொல்வது பெரும்பாலும் வேறாக இருக்கும்.

பேரூராட்சி நூலகத்துக்கு, ஸ்பெயினின் பில்பாவோ நகரிலுள்ள மாபெரும் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை முன்மாதிரியாக எடுப்பது போன்ற அளவுப் பொருத்தமின்மையை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

நேரில் போய்ப் பார்க்க முடிந்த கட்டடத்தை ஒதுக்கிவிட்டு, படத்தில் மட்டுமே கண்ட வெளிநாட்டுக் கட்டடத்தைத் தேர்வதும் இழப்பே. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. நண்பகலில் அதன் மந்திரசாலைக்குள், அதாவது அரசரின் ஆலோசனை மண்டபத்துக்குள், நுழைந்து, மரச்சட்டச் சன்னல்கள் வெளிச்சத்தை எவ்வளவு தணிக்கின்றன, சட்டங்களுக்கிடையே எத்தனை விரல் இடைவெளி உள்ளது, கூரை விளிம்பு எந்த உயரத்தில் பார்வையை மறைக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் போதும்.