வன்னியில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு: பிரிட்ஜ் நின்றுபோனால்

எங்கள் பக்கத்து வீடுகளில் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோகும் பிரிட்ஜுகளுக்கு ஏறக்குறைய ஒரே வயது. 2009க்குப் பிறகு மீள்குடியேறி, வீட்டுத்திட்ட வீட்டைக் கட்டி முடித்து, கரண்ட் எடுத்ததும் தவணைக்கு வாங்கியவை. போர்க்காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தின் பெரும்பகுதிக்கு மின்சார சபையின் கம்பி வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கோடு பிள்ளைகள் படித்த காலம் அது. அதனால் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் பிரிட்ஜ். கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ தமிழ்நாட்டு முகாமிலிருந்தோ வந்து, உறவினர் பார்த்துவைத்த வீட்டில் குடியேறும்போது உங்கள் கைக்கு வருவதும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

அங்கே பாவித்ததையே கொண்டுவரலாமா என்று பலர் கேட்கிறார்கள். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிரித்தானியாவிலிருந்து வருபவர்களுக்குச் சிக்கல் இல்லை; அதே வோல்ட், அதே 13 அம்பியர் சதுரமுள் பிளக். ஐரோப்பா, அவுஸ்திரேலியா, இந்தியப் பொருட்களுக்குப் பிளக் தலையை மாற்றினால் போதும். தமிழ்நாட்டிலிருந்து வரும் மிக்ஸியும் கிரைண்டரும் இங்கே நன்றாக ஓடும். கனடாப் பொருளை மட்டும் கொண்டுவர வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போர்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம். ஹேர்ட்ஸை மாற்ற அதால் முடியாது. மோட்டர் உள்ள பொருள் மெதுவாகச் சுற்றும், சூடேறும், சீக்கிரம் எரியும்.

சரி, வீட்டில் நிற்கும் பிரிட்ஜ் குளிரவில்லை. உடனே புதியது வாங்க ஓடாதீர்கள். மின்கம்பி முடியும் கடைசிக் கிராமங்களில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வோல்ட் இறங்கும். அந்த நேரத்தில் மட்டும் கொம்பிரஸர் (குளிரவைக்கும் மோட்டர்) முனகிவிட்டு நின்றால் குறை பிரிட்ஜில் இல்லை. ஒரு ஸ்டெபிலைசர் வைத்துப் பாருங்கள். பிறகு பின்பக்கத்தைப் பாருங்கள். கச்சான் காற்றுக் காலத்துச் செம்மண் தூசு அந்தக் கம்பிவலையை முழுதாக மூடிவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் தட்டி, சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெக்கையில் நிற்கும் பிரிட்ஜுக்கு மூச்சுவிட அந்த இடம் வேண்டும். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தாராளமாக வந்தால் கதவு ரப்பர் போய்விட்டது; அதை மட்டும் மாற்றலாம். ரிலே, கெபாசிற்றர், தேர்மோஸ்ரற் போன்றவையும் சின்னச் செலவுதான். வன்னியில் நல்ல திருத்துனர்கள் இருக்கிறார்கள். பொருள் எதுவும் உள்ளே வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் பழையதைப் பிரித்து, சேர்த்து ஓட்டப் பழகிய கைகளிடம் தொழில் படித்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தத் திறமைக்கு நாம் வேலை கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கொம்பிரஸரே எரிந்திருந்தால், அல்லது குழாய் உக்கிக் குளிரவைக்கும் காஸ் திரும்பத் திரும்பப் போனால், அப்போது மாற்றுங்கள். மின் கட்டணத்தையும் யோசியுங்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை. அதற்கு மேலும் படிப்படியாக ஏறும். நாள் முழுக்க நிற்காமல் ஓடும் நோயாளிப் பிரிட்ஜ் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும்.

புதியதைக் கிளிநொச்சி, வவுனியா நகரங்களில் வாங்கலாம். பெரிய கம்பனிகளின் காட்சியறைகள் இருக்கின்றன, தவணையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கட்டுநாயக்க விமான நிலையத் தீர்வையற்ற கடையிலும் வாங்குகிறார்கள். அப்படி வாங்கினால் உத்தரவாதத்துக்கு ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். வான் வண்டியில் படுக்கவைத்து ஏ9 வீதியால் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்திவைத்துச் சில மணித்தியாலம் விட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். கொம்பிரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். வீட்டில் எர்த்தும், மின் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்ப்பித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குப் பிளக்கைக் கழற்றிவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்.

இனிப் பழையது. கனடாவிலோ ஜேர்மனியிலோ இதற்கென்று நகரசபை ஒழுங்கு இருந்திருக்கும். இங்கே முதலில் படலைக்கு வருபவர் பழைய இரும்பு வாங்குகிறவர். அவரைக் குறைவாக நினைக்க வேண்டாம். இரும்பும் செம்பும் அலுமினியமும் திரும்பவும் உருகிப் பாவனைக்கு வருவது அவரால்தான். ஆனால் அவருக்கு விலைபோவது கொம்பிரஸரும் குழாயும் வயரும். அவற்றை உங்கள் வளவிலேயே வெட்டி எடுத்துக்கொண்டு, வெறும் பெட்டிக் கோதையும் உள்ளே இருக்கும் மஞ்சள் ஃபோமையும் விட்டுப் போனால் உங்களுக்கு மிஞ்சுவது குப்பை மட்டுமே. பட்டா என்னும் சின்ன லொறியில் முழுதாக ஏற்றுவதென்றால் தருகிறேன் என்று சொல்லுங்கள். விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

வளவில் குழாயை வெட்ட விடாததற்கு இன்னொரு காரணம் காஸ். கொம்பிரஸரில் ஒட்டிய தாளைப் பாருங்கள். ஆர் 600ஏ என்றிருந்தால் அது ஐசோபியூட்டேன், தீப்பற்றும். மூடிய குசினிக்குள் வெட்டக்கூடாது, பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. ஆர் 134ஏ தீப்பற்றாது, ஆனால் ஒரு கிலோ காற்றில் கலந்தால் 1430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். போர்க்காலத்திலும் மின்சாரம் இருந்த வவுனியா நகரப் பக்கத்தில் அதைவிடப் பழைய ஆர் 12 பெட்டிகள் இன்னும் மூலைகளில் கிடக்கலாம். ஓசோன் படலத்தை அரிக்கும் காஸ் அது. 1987இன் மொன்றியல் உடன்படிக்கை நிறுத்தச் சொன்னவற்றில் ஒன்று. திருத்துனரிடம் காஸை உறிஞ்சிச் சேமிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் முதலில் அதைச் செய்வித்துவிட்டுக் கொடுங்கள்.

செம்பு எடுக்க வயரை எரிக்க யாரையும் விடாதீர்கள். அந்தக் கறுப்புப் புகையில் டையொக்சின் இருக்கிறது. குழந்தைகள் விளையாடுகிற வளவில் அது நடக்கவே கூடாது. இன்வேட்டர் பற்றறியைக் கிணற்றடியில் போடாமல் புதிய பற்றறி வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஈயம் என்பதால் எடுப்பார்கள். பழைய பெட்டி டிவியின் கண்ணாடியிலும் ஈயம் உண்டு, அதை உடைக்க வேண்டாம். இலத்திரனியல் கழிவை எடுக்கும் நிறுவனத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். பிரதேச சபையில் கேட்டால் சேகரிப்பு நாள் வைக்கிறார்களா, எங்கே கொடுக்கலாம் என்று சொல்வார்கள்.

கிடங்கு வெட்டிப் புதைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். எங்கள் நிலத்தடி நீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். அதைவிட, வன்னி மண்ணில் வெடிக்காமல் கிடக்கும் வெடிபொருட்கள் இன்னும் வெளிப்படுகின்றன. முகமாலைப் பக்கம் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றினார்கள். பழைய இரும்பு என்று எடுத்தது வெடித்து ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். வளவில் முன்பின் தெரியாத இரும்பு கண்டால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டுக் கிராம சேவையாளருக்கோ 119க்கோ அறிவியுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை வந்த முதல் நாளே சொல்லுங்கள்.

பழையது வீட்டைவிட்டுப் போகும்வரை கதவைக் கழற்றி வையுங்கள். ஒளித்துப்பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டால் காற்றில்லாமல் போகும். வெளியே வைப்பதென்றால் தண்ணீர் தேங்காதபடி கவிழ்த்து வையுங்கள், கீழே இருக்கும் தண்ணீர்த் தட்டையும் எடுத்துவிடுங்கள். தேங்கிய தெளிந்த நீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பி கண்டால், 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் போடலாம். மாரி மழை தொடங்கினால் லொறியும் வளவுக்குள் இறங்காது, சில்லுப் புதையும். புரட்டாதிக்குள் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.