வெல்டிங் கம்பியில் ஒரு சுருதி: முதல் ட்ரோன் கருவி செய்யலாம் வாங்க

தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு ட்ரோன் இசை புதிதல்ல. ஒரே நாதத்தை நீளவிட்டு, அதற்குள் நடப்பதைக் கேட்பதுதான் விஷயம். சிற்பி ஹாரி பெர்டோயா (1915–1978) உலோகக் கம்பிகளை வரிசையாக நட்டு, பென்சில்வேனியாவில் தன் களஞ்சியத்தில் வைத்து மீட்டிப் பதிவு செய்தார். தெருவுக்குத் தெரு பட்டறை உள்ள கோயமுத்தூரில் நமக்கென்ன குறை?

டிக் (TIG) வெல்டிங்கில் இணைப்பை நிரப்ப உருக்கும் கம்பிக்கு பில்லர் ராடு என்று பெயர்; 3.2 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடு ஒன்று போதும். உக்கடம் பழைய இரும்புக் கடையில் 10 மி.மீ. கனத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு எடுங்கள். வயலின் வில்லும், அதில் பூசும் பிசினான ரோசினும் வேண்டும்.

ராடில் 15 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, 2 செ.மீ. இடைவெளியில் தகட்டின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அடியைச் சுற்றிலும் முழுசாகப் பற்றவைக்கச் சொல்லுங்கள். என் முதல் கருவியில் ஒரு பக்கம் மட்டும் பொட்டு மாதிரி பற்றவைத்து வாங்கி வந்தேன். வில்லை வைத்ததும் கரகரவென்று ஒரு இரைச்சல், நாதமே இல்லை. கம்பியின் அடி துளியும் அசையக் கூடாது. அப்புறம் நுனிகளை அரம் போட்டு மழுக்குங்கள். குனிந்து வாசிக்கும்போது கண் அங்கேதான் இருக்கும்.

நீளம்தான் சுருதி. தகட்டுக்கு மேல் 15 செ.மீ. நின்றால் நொடிக்குச் சுமார் 100 அதிர்வு. அதையே 30 செ.மீ. ஆக்கினால் பாதியாகாது, கால்வாசியாகி 25-க்கு இறங்கிவிடும், காதுக்கு எட்டுவதே சிரமம். அதனால் ஒன்றை 15 செ.மீ. வையுங்கள். மற்றொன்றை அரத்தால் 1.5 மி.மீ. மட்டும் குறையுங்கள்.

சரி, வாசிக்கலாம். அண்டாவைக் கவிழ்த்து, அதன் மேல் தகட்டை வைத்தால் ஒலி பெருகும். வில்லுக்கு ரோசின் தாராளமாகப் பூசி, நுனிக்குப் பக்கத்தில் இரண்டு கம்பியையும் ஒருசேரத் தொட்டு, அவசரமில்லாமல் இழுங்கள். முதலில் கீச்சிடும். அழுத்தம் கொஞ்சம் கூட்டி, வேகத்தைக் குறைத்தால் அடிநாதம் பிடிபடும்.

இப்போது வில்லை எடுத்துவிட்டுக் காதை அண்டாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு சுருதிக்கும் 2 அதிர்வுதான் வித்தியாசம் என்பதால், நொடிக்கு இரண்டு முறை நாதம் விம்மித் தணியும். முழுக்க அடங்கும் வரை அடுத்த இழுப்பு வேண்டாம்.