சோறு இருக்கட்டும், தொப்பை குறையட்டும்

எடையைக் குறைக்கணும் என்று முடிவெடுத்ததும் வீட்டில் முதல் பலி சோறுதான். ஒரே வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கியும் விடும். ஆனால் இறங்கியதில் பெரும்பங்கு தண்ணீர். சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோறு நின்றால் கிளைக்கோஜன் கரையும், தண்ணீரும் கூடவே போகும். மூன்றாவது வாரம் கல்யாணப் பந்தியில் ஒரு நாள் உட்கார்ந்தால் போன தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை மாவுச்சத்தையும் மறு சாராரை கொழுப்பையும் குறைக்கச் சொன்னார்கள். 12 மாதம் கழித்து ஒரு சாரார் சராசரியாக 6 கிலோவும் மற்றவர் 5.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். பொருட்படுத்தும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. உடம்பு செலவழிக்கும் கலோரியைவிடக் குறைவாகச் சாப்பிட்டால் போதும். எதைச் சாப்பிட்டால் அதைப் பல மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதுதான் கேள்வி. வடசென்னையின் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் வளர்ந்த நாக்குக்கு அந்தப் பதில் பெரும்பாலும் சோறுதான்.

உலையில் போடுமுன் நிறுங்கள்

500 ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். வேறு எந்தச் செலவும் இதற்கு வேண்டாம். கண்ணளவு ஏமாற்றும். குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, கடைசியில் மோருக்கு "கொஞ்சூண்டு" என்று மூன்று முறை போட்டால் சர்வசாதாரணமாக 450 கிராம் சோறு உள்ளே போயிருக்கும்.

வேகாத அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130. ரேஷன் புழுங்கலரிசியோ பொன்னியோ, இதில் பெரிய வேறுபாடு கிடையாது. ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப்பில் தலைதட்டி எடுத்தால் சுமார் 150 கிராம் அரிசி. வெந்தால் 400 கிராம் வரை வரும். வடித்த சோறும் குக்கர் சோறும் ஒரே எடை காட்டாது, தண்ணீர் பிடிப்பு வேறு. அதனால் உங்கள் வீட்டுக் கணக்கை ஒரு நாள் போட்டு வையுங்கள். அரிசியை நிறுத்து உலையில் போடுங்கள். சோறு ஆனதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழியுங்கள். 450 கிராம் அரிசி 1,200 கிராம் சோறானால் 200 கிராம் சோறு என்பது 75 கிராம் அரிசி, சுமார் 260 கலோரி. அந்த 200 கிராம் உங்கள் கிண்ணத்தில் எந்தக் கோடு வரை வருகிறது என்று பார்த்துக்கொண்டால், மறுநாளிலிருந்து தராசு இல்லாமலே ஓட்டலாம். குழம்பு, ரசம், மோர் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கிண்ணம். ஓட்டலில் 'அளவு சாப்பாடு' வாங்குகிற மாதிரி வீட்டிலும் வாங்குங்கள். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோப்பா" என்பதை அன்பாக மறுப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி.

சோற்றைவிட எண்ணெய்க் கணக்கு முக்கியம்

மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, எண்ணெய் 9. ரேஷன் பாமாயில், மரச்செக்கு நல்லெண்ணெய், விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெய் எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். மாதம் எத்தனை லிட்டர் காலியாகிறது என்று பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் போனால் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 42 மில்லி, கிட்டத்தட்ட 345 கலோரி. அதையே 3 லிட்டராக்கினால் 25 மில்லி, 205 கலோரி. ஒரு பருக்கை சோறு குறைக்காமல் ஆளுக்கு 140 கலோரி மிச்சம்.

இதற்கு ஒரே வழி, கேனிலிருந்து வாணலியில் நேராக ஊற்றுவதை நிறுத்துவது. மாதத் தொடக்கத்தில் 3 லிட்டர் தனியாக எடுத்து வைத்து, 5 மில்லி ஸ்பூனால் மட்டும் எடுங்கள். தோசைக்கு ஒரு ஸ்பூன், நாலு பேர் பொரியலுக்கு இரண்டு ஸ்பூன், மீன் குழம்புக்கு எட்டு. வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வதக்குங்கள்.

தட்டின் மற்ற பாதி

சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்கு பஜ்ஜிக் கடை கூப்பிடும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். எடை ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் குறி வையுங்கள். 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 85 கிராம். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய பாடில்லை. 100 கிராம் மீனில் சுமார் 18 முதல் 20 கிராம் புரதம். வஞ்சரம்தான் வேண்டும் என்றில்லை. மத்தி, நெத்திலி, காரப்பொடி, கானாங்கத்த எதுவானாலும் சரி, குழம்பாகவோ தவாவில் ஒரு ஸ்பூன் எண்ணெயிலோ வந்தால். கடலை மாவில் முக்கிப் பொரித்த நெத்திலி வேறு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறும்போது முட்டைக்கும் (ஒன்றில் 6 கிராம் புரதம், 70 கலோரி) ரேஷன் துவரம்பருப்புக்கும் மாறிக்கொள்ளுங்கள். கருவாடு ருசிதான், ஆனால் அந்த உப்பு மறுநாள் தண்ணீரைப் பிடித்து வைத்து எடைமெஷினில் அரை கிலோ ஏற்றிக் காட்டும், பயப்பட வேண்டாம்.

காய், கீரை இரண்டும் சேர்த்துத் தட்டில் பாதி. உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது. முதலில் காயையும் மீனையும் பாதி தின்றுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள். வயிறும் சீக்கிரம் நிறையும், சர்க்கரையும் மெதுவாக ஏறும்.

சுமார் 1,500 கலோரி நாள் ஒன்று இப்படி அமையும். 65, 70 கிலோ உள்ள, உட்கார்ந்தே வேலை செய்கிற பெண்ணுக்கு இது ஏறக்குறைய பொருந்தும். காலையில் மூன்று இட்லி, காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: 350. மதியம் 200 கிராம் சோறு, 120 கிராம் மீன் போட்ட குழம்பு, கீரை, ஒரு பொரியல்: 550. சாயங்காலம் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் பேருக்கு: 160. இரவு எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்தி, பருப்பு, காய்க்கூட்டு: 380. சர்க்கரை குறைத்த இரண்டு டீக்கு 80. துறைமுகத்திலோ மணலி கம்பெனிகளிலோ உடம்பு வளைந்து வேலை செய்கிறவர்கள் மதியம் இன்னொரு 100 கிராம் சோறும் காலையில் இரண்டு இட்லியும் கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஷிப்ட் முடியுமுன் கை நடுங்கும்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். ஆனால் 100 கிராம் மாவில் சுமார் 320 கலோரி இருக்கிறது. அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆடி மாதம் கோயிலில் ஊற்றும் கூழ் நல்ல சாப்பாடு. அதோடு வரும் பொரித்த வத்தலும் மோர் மிளகாயும்தான் கணக்கைக் கெடுக்கும். பழைய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து சற்றுக் கூடும் என்பது உண்மை, அதற்காக இரண்டு மடங்கு சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே சாப்பிடும்போது

பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கினால் நூடுல்ஸைவிட மேலே ஊற்றும் பூண்டு எண்ணெயும் நொறுக்கிப் போடும் பேஜோ என்கிற பொரித்த தட்டையும்தான் பாரம். "எண்ணெய் கம்மி, பேஜோ வேணாம், கோஸ் நிறைய" என்று சொல்லுங்கள், கூடவே வாழைத்தண்டு சூப்பை முதலில் குடித்துவிடுங்கள். பிரியாணிக் கடையில் குவாட்டர் பிளேட்டும் இரண்டு அவித்த முட்டையும் போதும். ஃபுல் பிளேட்டோடு சிக்ஸ்டிஃபைவும் சேர்த்தால் நாளின் கணக்கில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடும். பரோட்டா ஒன்றுக்கு 250 முதல் 300 கலோரி, சால்னா தனி. ஒன்றோடு நிறுத்த முடியாதவர்கள் அந்தக் கடைப் பக்கம் பசியோடு போகாமல் இருப்பது மேல். டீக்கடையில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை 20 கலோரி. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் வெறும் சர்க்கரையிலேயே 240, அதாவது ஒரு கிண்ணம் சோறு.

ஞாயிற்றுக்கிழமைதான் பலருக்குக் குழி. ஆறு நாள் தினம் 400 மிச்சம் பிடித்தால் 2,400. ஞாயிறன்று பிரியாணி, சாயங்காலம் பஜ்ஜி, இரவு பரோட்டா என்று 1,500 கூடினால் மிஞ்சுவது 900. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பதால் அந்த வாரம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு 120 கிராம்கூடக் குறையாது. பிரியாணி சாப்பிடுங்கள், அன்றைக்கு அது ஒன்று மட்டும்.

நடை எடையைக் குறைப்பதைவிட, குறைந்ததைத் தக்க வைக்கவே அதிகம் உதவும். 70 கிலோ ஆள் அரை மணி வேகமாக நடந்தால் 120 முதல் 150 கலோரி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு நடப்பதைவிட ராபின்சன் பூங்காவோ, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவோ நல்லது. சாப்பிட்ட பின் பத்து நிமிடம் மாடிப்படி, தெருமுனை வரை என்றாலும் போதும். வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பதும் பத்துப் பத்தாக மூன்று சுற்று செய்தால் தசை கரையாமல் இருக்கும்.

எடையைக் காலைக்கடன் முடித்ததும், ஒன்றும் சாப்பிடாமல் பாருங்கள். ஒரு நாள் எண் பொய் சொல்லும். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாயை ஒட்டிய நாட்களில் தண்ணீர் எடை கூடுவது இயல்பு. இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள், ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் வரவேண்டும். வாரம் கால் முதல் அரை கிலோ போதும். மூன்று வாரம் சராசரி அசையவில்லையென்றால் முதலில் எண்ணெயையும் டீயையும் மறுபடி அளந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை. அங்கே எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இரவுச் சாப்பாட்டில் ஒரு சப்பாத்தியோ 50 கிராம் சோறோ குறையுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் சோற்றளவை மாற்றுமுன் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிட வேண்டும், சர்க்கரை திடீரென இறங்கிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.