அகராதி ‘குருடன்’ என்கிறதே! அரிய பெயரின் பூர்வீகம் பார்ப்பது எப்படி?

தம்பி மகனுக்கு ‘ஆதன்’ என்று முடிவு செய்து, லட்டும் வாங்கி வைத்த பிறகுதான் பக்கத்து வீட்டுத் தமிழ் சார் வாயைத் திறந்தார். “அகராதியப் பாத்தீங்களாம்மா? ஆதன்னா குருடன், அறிவில்லாதவன்னு போட்டிருக்கும்.” மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், சும்மா சொல்லமாட்டார். அம்மா லட்டு டப்பாவை மூடிவிட்டாள்.

பழி என் தலையில் விழுந்தது. நான் குழந்தைக்கு அத்தை. இங்கே மும்பையில் மராத்தி வீடுகளில் பன்னிரண்டாம் நாள் பாரசே விழாவில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்வது அத்தைதான். எதிர்வீட்டு ஆஜி (பாட்டி) அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டிலும் அந்தப் பொறுப்பை எனக்கே தந்துவிட்டார்கள். போதாததற்கு, தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்து ஃபாரம் நிரப்பித் தருகிறவள் நான். ஊரார் பெயரையெல்லாம் கட்டம் கட்டமாக எழுதுகிறவளுக்கு வீட்டுப் பெயரில் சந்தேகம் வந்தால் விடமுடியுமா? மூன்று வாரம் கடை சாத்தியபின் உட்கார்ந்து தேடினேன். உங்களிடமும் இப்படி ஓர் அரிய பெயர் இருந்தால் தேடும் வரிசை இதுதான்.

முதலில் பெயரை அதன் சாயலில் உள்ள மற்ற பெயர்களிடமிருந்து பிரித்துவிடுங்கள். குழந்தைப் பெயர்த் தளம் ஒன்றில் ‘ஆதன் என்றால் சூரியன்’ என்று இருந்தது. அது ஆதவன். வேறு சொல், வேறு வழி. ஆங்கில எழுத்தில் தேடினால் இன்னும் மோசம். பள்ளிவாசல் பாங்குக்கு அரபியில் உள்ள சொல்லும் அதே எழுத்துகளில் வந்து நிற்கும். தமிழிலேயே தேடினாலும் அந்தப் பெயரில் ஒரு யூட்யூப் செய்திச் சேனல்தான் முதல் பத்துப் பதிலையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே பெயரோடு ‘சங்க இலக்கியம்’, ‘பானை ஓடு’, ‘கல்வெட்டு’ என்று ஒரு சொல் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்து அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. அதில் ஒரு சொல்லுக்கு முதலில் கண்ணில்பட்ட பொருளோடு எழுந்துவிடாதீர்கள். எங்கள் சார் செய்தது அதைத்தான். எல்லாப் பொருளையும் படித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த நூலின் சுருக்கப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த நூல் எந்தக் காலத்தது? கேள்வியே அங்கேதான் இருக்கிறது. ‘ஆதர்’ என்றால் அறிவில்லாதவர் என்பது பக்திப் பாடல்களில் வரும் வழக்கு. தேவாரம் பாடிய சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டு. ஆதன் என்று மனிதர்களுக்குப் பெயர் இருந்ததோ அதற்குப் பல நூற்றாண்டு முன்னால். பின்னால் வந்த வசவைக் கொண்டு முன்னால் இருந்தவனை அளக்கக்கூடாது. மகனை எவனாவது குருடன் என்று கூப்பிடுவானா என்று அம்மாவிடம் கேட்டேன். “எங்க ஊர்ல பிச்சைன்னு கூப்பிடுவாங்களே” என்றாள். அதுவும் சரிதான். அதனால் தர்க்கத்தை விட்டுவிட்டுச் சான்றைத் தேடப் போனேன்.

சான்றுக்கு இலக்கணத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இலக்கணக்காரர்கள் உதாரணத்துக்கு எடுப்பது ஊரெல்லாம் புழங்கிய பெயரை. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புள்ளிமயங்கியலில் ‘ஆதனும் பூதனும்’ என்று தொடங்கும் ஒரு நூற்பா உண்டு. ஆதன், பூதன் என்ற இரண்டு பெயர்களோடு ‘தந்தை’ சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்வதற்கே அது. ஆதன் தந்தை, ஆந்தை ஆகிவிடும். பூதன் தந்தை, பூந்தை. கோப்பெருஞ்சோழனை நேரில் பார்க்காமலே நட்புக் கொண்டு, அவன் வடக்கிருந்தபோது வந்து கூடவே உயிர்விட்ட பிசிராந்தையார் பெயர் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே? பிசிர் ஊர் ஆதனுடைய தந்தை என்பதே அதன் விரிவு. பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தம்பியிடம் “இனி நீ ஆந்தைல” என்றேன். அன்றிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவனுக்கு ஆந்தைப் படம்தான் போகிறது.

பிறகு பாட்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்திலும் சங்க நூல்கள் முழுசாக இருக்கின்றன. ஆனால் தேடுவதில் ஒரு நுட்பம் உண்டு, எனக்கு அது புரிய நான்கு நாள் ஆனது. ‘ஆதன்’ என்று தேடினால் தனியாக நிற்கும் ஆதன்தான் கிடைப்பான். சேரலாதனில் ஆ என்ற எழுத்தே கிடையாது, கால் மட்டும்தான் இருக்கிறது. கணினிக்கு இரண்டும் வேறு. ஆகவே லாதன், யாதன், நாதன் என்று முன்னெழுத்தை மாற்றி மாற்றிப் போடவேண்டும். குப்பையும் வரும். ‘காதன் மகன்’ என்று காதல் திரிந்த இடமெல்லாம் வந்து விழும். பொறுமையாகக் கழித்துவிடுங்கள்.

அப்படிக் கழித்தபின் என் நோட்டில் மிஞ்சியவர்கள்: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், செல்வக்கடுங்கோ வாழியாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் என்று பதிற்றுப்பத்தில் பாடப்பட்ட சேர மன்னர்களே மூவர். புறநானூற்றில் வேங்கட நாட்டு ஆதனுங்கன், கொல்லி மலை வல்வில் ஓரியைச் சொல்லும் ‘ஆதன் ஓரி’, பூதப்பாண்டியன் தன் நண்பர்களை எண்ணும்போது வரும் ஆதன் அழிசி. அகநானூற்றில் ஆதன் எழினி. திரிகடுகம் எழுதியவர் நல்லாதனார். எல்லாவற்றுக்கும் மேல் ஐங்குறுநூற்றின் முதல் பாட்டின் முதல் அடி: ‘வாழி ஆதன் வாழி அவினி.’ அடுத்த அடி நெல் பொலிக, பொன் சிறக்க என்று போகிறது. இதைச் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இரண்டு தடவை படித்தார். “இத மறந்துட்டேனேம்மா” என்றார். நூலின் வாசலிலேயே வாழ்த்தி நிறுத்திய பெயர் வசவாக இருக்க வழியில்லை.

மன்னர் பெயரை மட்டும் வைத்து ஒரு பெயர் பரவலாக இருந்தது என்று சொல்லிவிடக்கூடாது. சாதாரண ஆட்கள் பெயர் எங்கே கிடைக்கும்? பானையில். தன் பானை இது என்று கீறி வைத்தவன் ராஜாவாக இருக்கத் தேவையில்லை. கீழடியில் 2018ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த 56 தமிழி (பழந்தமிழ்) எழுத்துப் பானை ஓடுகளில் ‘குவிரன்’, ‘ஆதன்’ என்ற பெயர்கள் உண்டு. தம்பி அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பெயரே பிடித்தான். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் ‘கண்ணன் ஆதன்’ என்ற பெயர் வந்திருக்கிறது. கல்வெட்டில் வேண்டுமென்றால் கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டார் மலை. சமணத் துறவி ஒருவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் வரிகளில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’, அவன் மகன் பெருங்கடுங்கோ, பேரன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வருகிறது. தாத்தா, அப்பா, பேரன்! எங்கள் ஃபாரத்தில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

ஊர்ப் பெயர்களையும் ஒரு கண் பாருங்கள். மனிதர்கள் விட்டுவிட்ட பெயரை ஊர்கள் விடுவதில்லை. தமிழ்நாட்டில் ஆதனூர்கள் பல. நந்தனார் ஊர் ஆதனூர். கும்பகோணத்துக்கு அருகே பெருமாள் கோயில் உள்ள ஆதனூருக்கு, காமதேனு வழிபட்டதால் அந்தப் பெயர் என்று தலபுராணம் சொல்கிறது: ஆ என்றால் பசு அல்லவா. கோயில் கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது, கும்பிடுங்கள். ஆனால் பெயர் ஆராய்ச்சிக்கு அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சொல்லைத் துண்டாக வெட்டித் துண்டுக்கொரு பொருள் சொல்கிற இடத்திலெல்லாம் சந்தேகப்படுங்கள்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது என்பதுதான் கஷ்டமான பகுதி. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதல் உள்ள பிறந்த குழந்தைகளின் பெயர்க் கணக்கை வெளியிடுகிறது. ஒரு வருஷத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்த பெயர் அதில் வராது, எழுத்து மாறினால் தனிப் பெயராகக் கணக்காகும். அங்கே உறவு இருந்தால் பார்க்கலாம். இங்கே வாக்காளர் பட்டியல் ஒரு வழி. தமிழ்நாட்டுப் பட்டியல்கள் தமிழிலேயே உள்ளன. ஆனால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் இருப்பார்கள், புதிதாகத் திரும்பி வரும் பெயருக்கு அது உதவாது. என் கடைக் கணக்கு வேறு: பதிமூன்று வருஷத்தில் ஓர் ஆதன்கூட வந்ததில்லை, போன வருஷம் மட்டும் இரண்டு பேர். இரண்டும் கைக்குழந்தை. இரண்டு அப்பாக்களும் கீழடி என்றார்கள்.

கடைசியாக ஃபாரம். மும்பையில் இது தனி வேலை, இதில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் கட்டணத்தோடு பதினைந்து வருஷம் வரை. ஆகவே அவசரத்தில் தப்பாக எழுதுவதைவிடக் காலியாக விடுவது மேல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஆதார்வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. இதிலேயே எழுத்துப் பிழை விழுந்தால் பிறகு என்னை மாதிரிக் கடைக்காரர்களுக்குத்தான் வருமானம்.

எழுத்து விஷயம் என்னவென்றால், நம் ‘த’ ஒன்றுக்கு தேவநாகரியில் நாலு எழுத்து. ஆதனுக்கு வேண்டியது மூன்றாவது. ஆங்கிலத்தில் நம்மவர் வழக்கப்படி டி (D), எச் (H) இரண்டும் போட்டால் மராத்தியில் தட்டச்சு செய்பவர் மூச்சுவிட்டு உச்சரிக்கும் நாலாவது எழுத்தைப் போட்டுவிடுவார். எச்சை எடுத்தால் சிலர் ‘ஆடன்’ என்று படிப்பார்கள். ஒரே வழி, தேவநாகரியில் நீங்களே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுபோய் ஃபாரத்தோடு கொடுப்பது. குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதையும் அதே சீட்டில் முடிவு செய்துவிடுங்கள். இனிஷியல் மட்டும் போட்டால் வேறு கடுதாசியில் அது விரிந்து வேறொன்றாகிவிடும்.

பன்னிரண்டாம் நாள் எப்போதோ போய்விட்டது. நாற்பதாம் நாள் தொட்டில் கட்டி, காதில் மூன்று முறை சொன்னேன். ஆஜி கேட்டாள், “ஆதான்? மக பிரதான் குடே?” கொடுக்கல் வாங்கலுக்கு அவர்கள் சொல் ஆதான்-பிரதான். வாங்கல் வந்துவிட்டது, கொடுக்கல் எங்கே என்கிறாள். “அடுத்தது பிறக்கட்டும் ஆஜி” என்றான் ஆந்தை. தம்பி மனைவி முறைத்த முறைப்பில் அவன் லட்டு எடுக்கப் போய்விட்டான்.