ஒளிவிலகல் பாடத்தில் மதிப்பெண் பறிபோகும் இடங்கள்

பத்தாம் வகுப்பு ஒளியியலில் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது சூத்திரத்தில் அல்ல, கோணத்தை எங்கிருந்து அளப்பது என்பதில். படுகோணம் (கதிர் வந்து விழும் கோணம்), விலகுகோணம் (உள்ளே நுழைந்தபின் செல்லும் கோணம்) இரண்டையும் பரப்புக்கு 90°-இல் வரையும் செங்குத்துக்கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். "கதிர் கண்ணாடிப் பரப்புடன் 30° கோணத்தில் விழுகிறது" என்று கேள்வியில் இருந்தால் படுகோணம் 60°. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (அதில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பது) 1.5 என்றால் விலகுகோணம் சுமார் 35°. அவசரத்தில் 30° என்றே போட்டால் 19.5° என்று வரும். மீதி வரிகள் எல்லாம் சரியாக இருந்தும் விடை போய்விடும்.

கனமான பொருளில்தான் ஒளி அதிகம் வளையும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும். ஆனாலும் தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, மண்ணெண்ணெய்க்கு 1.44. ஆகவே தண்ணீரிலிருந்து மண்ணெண்ணெய்க்குள் சாய்வாக நுழையும் கதிர் செங்குத்துக்கோட்டை நோக்கித்தான் திரும்பும். பார்க்க வேண்டியது எடையை அல்ல, ஒளியின் வேகத்தை: காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கி.மீ., தண்ணீரில் 2.25 லட்சம், வைரத்தில் 1.24 லட்சம். வேகத்தோடு அலைநீளமும் குறையும், அதிர்வெண் மாறாது. செங்குத்தாக விழும் கதிர் வளைவதில்லை, ஆனால் அதன் வேகமும் குறையத்தான் செய்கிறது.

முழு அக எதிரொளிப்பை, அதாவது கதிர் வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்புவதை, வரையும்போது கதிர் அடர்மிகு ஊடகத்திலிருந்து (ஒளி மெதுவாகச் செல்லும் பொருளிலிருந்து) புறப்படுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காற்றிலிருந்து கண்ணாடிக்குப் போகும் கதிருக்கு அது நடக்கவே நடக்காது.

குவிலென்ஸின் மேல்பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்தால் பிம்பத்தில் பாதி காணாமல் போகுமா? போகும் என்றே நிறையப் பேர் எழுதுகிறார்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி, சுவரில் அதன் தலைகீழ்ப் பிம்பத்தை விழவைத்து லென்ஸைப் பாதி மூடிப் பாருங்கள். சுடர் நுனிமுதல் அடிவரை முழுதாகவே தெரியும், வெளிச்சம்தான் மங்கும். சுடரின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கதிர்கள் லென்ஸ் முழுவதும் பரவி விழுகின்றன. நாம் படத்தில் போடும் இரண்டு கோடுகள் வரைவதற்கு வசதியானவை, அவ்வளவே. இதை மனப்பாடம் செய்ய வைக்காமல் வகுப்பிலேயே செய்து காட்டிவிட வேண்டும்.

லென்ஸின் திறன் (1 ÷ குவியத்தொலைவு) காணும்போது குவியத்தொலைவை, அதாவது லென்ஸிலிருந்து இணைகதிர்கள் குவியும் புள்ளிவரை உள்ள தூரத்தை, மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்: 50 செ.மீ. குவியத்தொலைவுள்ள குவிலென்ஸுக்கு +2 டையாப்டர் (திறனின் அலகு).

குவிலென்ஸ் எங்கு வைத்தாலும் ஒளியைக் குவிக்கும் என்பதும் தவறு. சுற்றியுள்ள ஊடகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி லென்ஸைத் தண்ணீருக்குள் வைத்தால் குவியத்தொலைவு ஏறக்குறைய நான்கு மடங்காகும். தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக்குமிழி உருவத்தில் குவிலென்ஸ் போல இருந்தாலும் ஒளியை விரிக்கவே செய்யும்.