வேர்டில் வேண்டாத வெற்றுப் பக்கத்தை நீக்குவது எப்படி?

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிடித்து அப்படியே அழித்துவிட ஒரு பட்டன் இருக்கும் என்றுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் தேடுகிறார்கள். அப்படி ஒரு பட்டன் கிடையாது. வேர்ட் கோப்புக்குள் பக்கங்கள் என்று தனியாக எதுவும் சேமிக்கப்படுவதில்லை. எழுத்துகள், பத்திகள், அட்டவணைகள், படங்கள் இவைதான் உள்ளே இருக்கின்றன. தாளின் அளவு, ஓரம், எழுத்துரு எல்லாவற்றையும் பார்த்து வேர்ட் அவற்றைப் பக்கங்களாகப் பிரித்துக் காட்டுகிறது.

ஆகவே வெற்றுப் பக்கம் ஒன்று நிற்கிறதென்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கிறது. அது என்னவென்று முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் பேக்ஸ்பேஸைத் தொடர்ந்து அழுத்தினால், பக்கமும் போகாது, மேலே கஷ்டப்பட்டு அமைத்த வடிவமைப்பும் கலைந்துவிடும். வேலை விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், கல்லூரி புராஜெக்ட் என்று எதையாவது அவசரமாக அச்செடுக்கும்போதுதான் இந்தத் தொல்லை வரும். அதனால் நேரம் இருக்கும்போதே ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது. இங்கே சொல்பவை விண்டோஸில் இயங்கும் வேர்ட் 2016-க்கும் அதற்குப் பின் வந்த பதிப்புகளுக்கும் பொருந்தும்.

முதல் படி: மறைந்திருக்கும் குறிகளைக் காட்டுங்கள்

கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் சேமித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹோம் டேபில், பேராகிராஃப் பகுதியில் ¶ என்ற குறியுள்ள பட்டனை அழுத்துங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதே வேலை நடக்கும். மேக் கணினியில் கமாண்டும் 8-உம்.

இப்போது பக்கம் முழுக்கப் புள்ளிகளும் குறிகளும் தெரியும். பயப்பட வேண்டாம், இவை அச்சில் வராது. நீங்கள் என்டர் தட்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு ¶ இருக்கும். இடைவெளிகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். அடுத்த பக்கத்தைத் தொடங்கவைக்கும் பேஜ் பிரேக், ஆவணத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் செக்‌ஷன் பிரேக் போட்ட இடங்களில் புள்ளிக்கோட்டின் நடுவே அந்தப் பெயரே எழுதியிருக்கும். வெற்றுப் பக்கத்திலும், அதற்கு முந்தைய பக்கத்தின் அடியிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மீதி எல்லாம் அதைப் பொறுத்தது.

வெறும் ¶ குறிகள் வரிசையாக நின்றால்

இதுதான் அடிக்கடி நடப்பது, சரிசெய்ய மிக எளிதும் இதுதான். வெற்றுப் பக்கம் ஆவணத்தின் கடைசியில் இருந்தால், உங்கள் கடைசி வரியின் முடிவில் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கிருந்து கடைசிவரை எல்லாம் தேர்வாகும். தேர்வானதில் ¶ தவிர வேறெதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு டெலீட் கொடுங்கள். வெற்றுப் பக்கம் நடுவில் இருந்தால் அந்தக் குறிகளை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து அழியுங்கள்.

அடுத்த பக்கத்துக்குப் போவதற்காக என்டரைத் தட்டிக்கொண்டே போகும் பழக்கத்தால் வருவது இது. அதற்குப் பதிலாக கண்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் ஒரு பேஜ் பிரேக் விழும். மேலே நாலு வரி கூடினாலும் குறைந்தாலும் அடுத்த தலைப்பு புதிய பக்கத்தில்தான் தொடங்கும்.

பேஜ் பிரேக் தேவையில்லாத இடத்தில் இருந்தால், அந்தக் கோட்டுக்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் அழுத்துங்கள். அவ்வளவுதான்.

பிரேக் எதுவுமே தெரியவில்லை, ஆனாலும் ஒரு வெற்றுப் பத்தி பிடிவாதமாகத் தனிப் பக்கத்தில் நிற்கிறதா? அந்தப் பத்தியின் இடது ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தியில் வலது க்ளிக் செய்து பேராகிராஃப் பெட்டியைத் திறந்து, லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ் என்ற டேபுக்குப் போனால், பேஜ் பிரேக் பிஃபோர் என்பதில் டிக் இருக்கலாம். தலைப்புக்கான ஸ்டைலில், அதாவது பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்பில், இந்த அமைப்பு இருந்து, அதே ஸ்டைலில் ஒரு வெற்றுப் பத்தி தவறி விழுந்திருந்தால் இப்படி ஆகும். அந்தப் பத்தியை அழித்தால் போதும்.

அட்டவணைக்குப் பின்னால் நிற்கும் பக்கம்

பயோடேட்டா, பில், கணக்கு விவரம் போன்றவற்றை அட்டவணையிலேயே அமைக்கிறவர்கள் அதிகம். அட்டவணை பக்கத்தின் அடிவரை வந்து முடிந்தால், அடுத்து ஒரு வெற்றுப் பக்கம் கட்டாயம் வந்து நிற்கும். அதில் ஒரே ஒரு ¶ இருக்கும். எத்தனை முறை டெலீட் அழுத்தினாலும் அது அசையாது. ஏனென்றால் ஆவணம் அட்டவணையோடு முடியக் கூடாது, அதற்குப் பின் ஒரு பத்தியாவது இருந்தே ஆக வேண்டும் என்பது வேர்டின் விதி. அழிக்க முடியாது என்றால் சுருக்கிவிடலாம்.

அந்த ¶ குறியை மவுஸால் தேர்ந்தெடுங்கள். எழுத்தின் அளவு காட்டும் பெட்டியில் 1 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். சில சமயம் இதிலேயே பக்கம் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் பேராகிராஃப் பெட்டியைத் திறந்து, பிஃபோர், ஆஃப்டர் இரண்டிலும் 0 கொடுங்கள். லைன் ஸ்பேசிங்கில் எக்ஸாக்ட்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பெட்டியில் 1 பாயிண்ட் என்று வையுங்கள். தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இந்த இரண்டாவது வேலையையும் சேர்த்தே செய்துவிடலாம். லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொரு வரிக்கும் நல்ல உயரம் எடுத்துக்கொள்ளும். எக்ஸாக்ட்லி கொடுத்துவிட்டால் எழுத்துரு எதுவானாலும் அந்த வரி 1 பாயிண்டைத் தாண்டாது.

இன்னொரு வழியும் உண்டு. அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் டி-யும் அழுத்தினால் ஃபாண்ட் பெட்டி திறக்கும். அதில் ஹிடன் என்பதை டிக் செய்யுங்கள். ஆனால் ¶ பட்டன் இயங்கிக்கொண்டிருக்கும்வரை மறைத்ததும் திரையில் தெரியும், பக்கமும் போகாதது போலவே இருக்கும். பட்டனை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

செக்‌ஷன் பிரேக்: அவசரப்படக் கூடாத இடம்

ஓரம், தாள் நிற்கும் திசை, ஹெட்டர் (பக்கத்தின் மேல் ஓரத்தில் வருவது), ஃபூட்டர் (கீழ் ஓரத்தில் வருவது), பக்க எண் இவற்றை ஒரே ஆவணத்துக்குள் பகுதிக்குப் பகுதி மாற்றி வைக்க உதவுவது செக்‌ஷன் பிரேக். ஒரு பகுதியின் அமைப்புகள் எல்லாம் அந்தப் பகுதியின் முடிவில் இருக்கும் பிரேக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அதை அழித்தால், மேலே உள்ள பகுதி கீழே உள்ள பகுதியின் அமைப்புகளை எடுத்துக்கொள்ளும். படுக்கைவாட்டில் வைத்த அட்டவணைப் பக்கங்கள் திடீரென்று நிமிர்ந்துவிடுவதும், பக்க எண் மாறிவிடுவதும் இதனால்தான். நிறையப் பேர் ஆவணமே கெட்டுவிட்டது என்று பதறுவது இந்த இடத்தில்தான். கண்ட்ரோலும் இசட்-உம் அழுத்தினால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும்.

மேலும் கீழும் அமைப்புகள் ஒன்றுபோலவே இருந்தால் பிரேக்கைத் தாராளமாக அழிக்கலாம். வேறுபட்டால், அழிக்காமல் அதன் வகையை மாற்றுங்கள். பிரேக்குக்குப் பின்னால் உள்ள பகுதியில், அதாவது வெற்றுப் பக்கத்தில், கர்சரை வையுங்கள். லேஅவுட் டேபில் பேஜ் செட்டப் பகுதியின் வலது கீழ் மூலையில் உள்ள சின்ன அம்பை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியில் லேஅவுட் என்ற டேபுக்குப் போய், செக்‌ஷன் ஸ்டார்ட் என்பதில் கண்டினுவஸ் என்று மாற்றுங்கள். அடுத்த பகுதி அதே பக்கத்திலேயே தொடரும், வெற்றுப் பக்கம் மூடிக்கொள்ளும்.

ஒரு பகுதி படுக்கைவாட்டிலும் அடுத்தது நெடுக்குவாட்டிலும் இருந்தால் மட்டும் இது பலிக்காது. ஒரே தாளில் இரண்டு திசையும் இருக்க முடியாதே. அப்போது கடைசி வெற்றுப் பக்கத்தில் கர்சரை வைத்து, அதன் திசையையும் ஓரங்களையும் முந்தைய பகுதியைப் போலவே மாற்றுங்கள். ஹெட்டரையும் ஃபூட்டரையும் திறந்து லிங்க் டு பிரீவியஸ் கொடுங்கள். இரண்டும் ஒன்றுபோல ஆனபின் பிரேக்கை அழித்தால் எதுவும் கலையாது.

திரையில் இல்லாத பக்கம் அச்சில் வருகிறதா? பக்க எண் 5-லிருந்து 7-க்குத் தாவுகிறதா? அது ஆட் பேஜ் (Odd Page) வகை செக்‌ஷன் பிரேக்கின் வேலை. புத்தகங்களிலும் ஆய்வேடுகளிலும் ஒவ்வொரு அத்தியாயமும் வலப்பக்கத்தில், ஒற்றைப்படை எண்ணில் தொடங்குவதற்காகப் போடுவது அது. இருபுறமும் அச்சிட்டு பைண்ட் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த வெற்றுப் பக்கம் தேவையானது, விட்டுவிடுங்கள். ஒருபக்கம் மட்டும் அச்சிடுவதானால், அதே செக்‌ஷன் ஸ்டார்ட்டில் நியூ பேஜ் என்று மாற்றுங்கள்.

வீட்டில் சரி, கடையில் மட்டும் கூடுதல் பக்கம் என்றால்

உங்கள் கோப்பில் குறையில்லை. நீங்கள் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் இல்லாவிட்டால் வேர்ட் வேறொன்றைப் போட்டு நிரப்பும். வரிகளின் உயரம் மாறும், கடைசி ஒன்றிரண்டு வரிகள் அடுத்த பக்கத்துக்கு நழுவும். பிடிஎஃப் ஆகச் சேமித்து எடுத்துப் போவதுதான் இதற்கு நம்பகமான வழி. தாள் அளவையும் பாருங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டர் அளவு 279 மில்லிமீட்டர்தான். லேஅவுட் டேபில் சைஸ் என்பதில் ஏ4 இருக்கட்டும்.

அழித்த குறிகள் கோடு போட்டபடி அங்கேயே நின்றால் டிராக் சேஞ்சஸ், அதாவது திருத்தங்களைப் பதிவுசெய்து காட்டும் வசதி, இயங்குகிறது என்று பொருள். ரிவ்யூ டேபில் அந்த மாற்றங்களை அக்செப்ட் செய்யுங்கள்.

எதற்கும் நேரமில்லை, கடைசிப் பக்கம் மட்டும்தான் வெற்று என்றால், கண்ட்ரோலும் பி-யும் அழுத்தி, பேஜஸ் பெட்டியில் 1-4 என்பது போல வேண்டிய பக்கங்களை மட்டும் குறிப்பிட்டு அச்சிடலாம். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போதும் ஆப்ஷன்ஸ் பட்டனில் இதே வசதி உண்டு.

கூகுள் டாக்ஸிலும் மறைந்த குறிகளைப் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் அதற்கு கண்ட்ரோலும் எஃப்10-உம். ரைட்டரில் அச்செடுக்கும்போது மட்டும் வெற்றுப் பக்கம் வந்தால், டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்து, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்பதன் கீழ் பிரிண்ட் பகுதிக்குப் போங்கள். தானாகச் சேர்க்கப்படும் வெற்றுப் பக்கங்களையும் அச்சிடு என்ற பொருளில் ஒரு வரி அங்கே இருக்கும். அதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.