50 லட்ச ரூபாய் காருக்கு மாதம் எவ்வளவு ஆகும்? இளம் வயதில் சொகுசு கார் வாங்க நினைப்போருக்கான கணக்கு

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன ஒருவர் சொகுசு கார் ஷோரூமுக்குப் போனால், முதலில் அவர் காதில் விழுவது மாதத் தவணைத் தொகைதான். அதைத் தம் சம்பளத்தோடு ஒப்பிட்டு, கட்டிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிடுகிறார். அந்தக் காரை வைத்திருக்க உண்மையில் மாதம் எவ்வளவு ஆகும் என்பதைக் கணக்கிடும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறேன். தமிழ்நாட்டில் பதிவாகும், எக்ஸ்-ஷோரூம் விலை (பதிவு வரியும் காப்பீடும் சேராத விலை) 50 லட்ச ரூபாய் உள்ள ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டி, ஐந்து ஆண்டுகள் கழித்து விற்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி, காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு நான் எழுதும் தொகைகள் கணக்குக்காகக் கொண்டவை. உங்கள் வங்கியும் டீலரும் சொல்லும் தொகைகளை அந்த இடங்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஆன்ரோடு விலையை, அதாவது வரியும் காப்பீடும் சேர்ந்த முழு விலையை, பிரித்து எழுதுங்கள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுட்கால வரி, அதாவது பதிவின்போது மாநில அரசுக்கு ஒரே தடவையாகக் கட்டும் வரி, 20 சதவீதம். நம் காருக்கு அது 10 லட்ச ரூபாய். இது போக, எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது; 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு அது 40 சதவீதம் என்பதால், 50 லட்சத்தில் ஏறத்தாழ 14 லட்ச ரூபாய் வரியாகவே போகிறது. முதல் ஆண்டுக் காப்பீட்டுக்கு 2 லட்ச ரூபாய் வைத்துக்கொண்டால், ஆன்ரோடு விலை 62 லட்சம். 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்கு டீலர் வசூலிக்கும் 1 சதவீத வரியை, அதாவது 50,000 ரூபாயை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். எனவே அதைச் செலவில் சேர்க்க வேண்டாம், ஆனால் கையில் பணம் இருக்க வேண்டும்.

புதுச்சேரியில் பதிவு செய்தால் வரி மிச்சமாகும் என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி இங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். ஆகவே அந்த வழியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாம் படி: வட்டியைத் தனியே எடுங்கள்

22 லட்ச ரூபாய் முன்பணம் கட்டி, 40 லட்ச ரூபாயை 9 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 64,350 ரூபாய். தவணை முழுவதும் செலவாகாது. அசல் பகுதி நீங்கள் வாங்கிய பொருளுக்கான விலைதான். வட்டிதான் திரும்பாத செலவு. முதல் ஐந்து ஆண்டுகளில் அது சுமார் 12.7 லட்சம், மாதத்துக்கு 21,150 ரூபாய். முன்பணமாகக் கொடுத்த 22 லட்சம் வைப்புநிதியில் 7 சதவீதத்தில் இருந்திருந்தால் மாதம் 12,800 ரூபாய் அளவுக்கு வட்டி வந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தேய்மானத்தைப் போடுங்கள்

தேய்மானம் என்பது கார் பழசாகப் பழசாக அதன் மதிப்பு குறைவது. இதற்கு யாரும் மாதந்தோறும் ரசீது அனுப்புவதில்லை என்பதால் பெரும்பாலோர் கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான். காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பை நிர்ணயிக்கும் அட்டவணையில், ஓராண்டு முடியும் முன்பே 15 சதவீதமும், நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஐந்து ஆண்டுகளுக்குள் 50 சதவீதமும் கழிக்கப்படுகின்றன. அதையே அளவாகக் கொண்டால் ஐந்தாம் ஆண்டு முடிவில் நம் கார் 25 லட்சம் பெறும். சந்தையில் அதற்குக் குறைவாகவும் கேட்கப்படலாம். இழந்த 25 லட்சத்தோடு, திரும்பாத ஆயுட்கால வரி 10 லட்சத்தையும் சேர்த்து 60 மாதங்களால் வகுத்தால், மாதம் 58,300 ரூபாய் வருகிறது. விற்ற பணம் முழுதும் உங்களுக்கு வராது என்பதையும் கவனியுங்கள்: அப்போதும் வங்கிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பாக்கி இருக்கும், கைக்குக் கிடைப்பது 11 லட்சம்தான்.

நான்காம் படி: காப்பீட்டை வரிவரியாகப் படியுங்கள்

ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 7 லட்ச ரூபாய், அதாவது மாதம் 11,650 ரூபாய் என்று வைப்போம். இதில் மிச்சம் பிடிக்க நினைத்து, கூடுதல் கட்டணத்தில் சேர்க்கும் துணைக் காப்பீடுகளை நீக்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து. சாதாரண முழுமைக் காப்பீட்டில், மாற்றப்படும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் 50 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். சொகுசு காரின் பம்பர் ஒன்றுக்கே அந்தப் பாதி பெரிய தொகையாக நிற்கும். தேய்மானம் கழிக்காத காப்பீடு இதற்காகவே இருக்கிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் கட்டாயம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது, காற்று போகும் வழியில் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுகிறது. தண்ணீரைக் காற்றைப் போல அழுத்த முடியாததால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்து எஞ்சினே பாழாகிறது. இதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாகக் கொள்ளாமல், அதன் பின்விளைவாகக் கருதி நிறுவனங்கள் இழப்பீட்டை மறுப்பது வழக்கம். எஞ்சின் பாதுகாப்புக் காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருந்தாலும், தண்ணீர் ஏறிய காரை ஸ்டார்ட் செய்யாமல், இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

ஐந்தாம் படி: ஓட்டும் செலவும் பராமரிப்பும்

நகர நெரிசலில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்தால் மாதம் 100 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 10,000 ரூபாய். நிறுத்துமிடம், கழுவுதல், சுங்கம் ஆகியவற்றுக்கு 4,000. சர்வீஸ், டயர், பேட்டரி, பிரேக் பேடு எல்லாம் சேர்த்து மாதம் 10,000.

ஐந்தாண்டு ஓடிய சொகுசு காரை 20 லட்சத்துக்கு வாங்கிவிடலாம் என்று எண்ணுபவர்கள் இந்தப் படியில்தான் நிதானிக்க வேண்டும். காரின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கலாம். அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. பி.எம்.டபிள்யூ கார்கள் 2007 முதல் சென்னைக்கு அருகிலேயே பூட்டப்பட்டாலும், சர்வீஸ் சென்டரில் கொடுக்கும் பழுதுச் செலவு மதிப்பீடு 50 லட்ச ரூபாய் காருக்கானதாகவே இருக்கும். ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸின் மின்னணுப் பகுதி போன்றவை தகராறு செய்யத் தொடங்குவதும் உத்தரவாதக் காலம் முடிந்த பிறகுதான். ஆகவே பழைய காருக்குப் பராமரிப்புத் தொகையை மேலே சொன்ன 10,000 ரூபாயின் இரு மடங்காக எழுதுங்கள். வாங்கும் முன் சர்வீஸ் சென்டரில் அந்தக் காரின் முழு வரலாற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

ஆறாம் படி: கூட்டிப் பாருங்கள்

தேய்மானமும் வரியும் 58,300, வட்டி 21,150, இழந்த வட்டி 12,800, காப்பீடு 11,650, எரிபொருள் 10,000, பராமரிப்பு 10,000, இதர செலவு 4,000. மொத்தம் மாதம் 1,27,900 ரூபாய். ஷோரூமில் சொன்ன தவணையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கிலோமீட்டருக்கு 128 ரூபாய் என்றும் இதைப் பார்க்கலாம். இருபதுகளில் இருப்பவர்களுக்கு இந்தத் தொகை இன்னும் கனமானது. வீட்டுக்கடனுக்குப் போகும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கார் தவணையைக் கழித்துவிட்டுத்தான் வங்கி உங்கள் தகுதியைப் பார்க்கும்.

ஏழாம் படி: ஆறு மாதம் ஒத்திகை பாருங்கள்

முன்பதிவு செய்வதற்கு முன், தவணை, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, இதர செலவு ஆகியவற்றுக்கான தொகையை, நம் கணக்கின்படி ஒரு லட்ச ரூபாயை, சம்பளம் வந்த அன்றே தனி வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் இதற்காகக் குறைக்கக் கூடாது. ஏதாவது ஒரு மாதம் அந்தப் பணத்தைத் தொட நேர்ந்தால், எதற்காகத் தொட்டீர்கள் என்று குறித்துவைத்து, காரின் விலையைக் குறைத்து முதல் படியிலிருந்து மீண்டும் கணக்கிடுங்கள்.